வேலியில் பூக்கும் நஞ்சு

ஐப்பசி மழை இரண்டு தடவை ஊற்றினாற் போதும், யாழ்ப்பாணத்து வேலிகளிற் கார்த்திகைப்பூக் கொடி தலைநீட்டிவிடும். நடுவாருமில்லை, நீர் வார்ப்பாருமில்லை. கிளுவைக் கதியாலைப் பற்றி ஏறிக் கார்த்திகையிற் பூத்து, மழை ஓய்ந்தபின் மடிந்து, மண்ணுக்குள் கிழங்காய் உறங்கிவிடும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கொடியாகும். மொட்டவிழும்போது பச்சை கலந்த மஞ்சளாயிருக்கும் இதழ்கள், நாட்செல்லச் செல்ல முழுவதும் செந்தழலாகும். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்கும் செங்காந்தள் இதுவே.

இலண்டனில் வாழும் உறவினர் ஒருவர், கிழங்கு வாங்கி நட்டும் முளைக்கவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், கிழங்கை ஒடித்து, நடுத்துண்டைப் புதைத்திருந்தார்! கவைபோற் பிரியும் இக்கிழங்கின் நுனிகளில் மாத்திரமே முளை உண்டு. நுனி ஒடிந்தால் அக்கிளை வீண். நீர் தேங்காத மண்ணில், இரண்டு மூன்று அங்குல ஆழத்தில், கிடையாக வைக்க வேண்டும். குளிர்நாடுகளிற் பங்குனியளவிற் சட்டியில் நட்டு யன்னலோரம் வைத்தால் ஆடி, ஆவணியிற் பூக்கும். கார்த்திகைக்குப் பூக்கவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை. கொடிக்கு வெப்பமே பஞ்சாங்கம். கொடி மஞ்சளித்ததும் நீரை நிறுத்திவிட வேண்டும். உறங்கும் கிழங்கு ஈரத்தில் அழுகிவிடும்.

ஆனால் நடுமுன் ஒன்றை அறிந்திருத்தல் அவசியம். இச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். ஐரோப்பாவில் இலையுதிர்காலத்திற் பூக்கும் கொல்சிக்கம் இதே குடும்பத்தது. இரண்டிலும் உள்ள நஞ்சு கொல்சிசின். மிகச் சிறிய அளவில் ‘கவுட்’ எனும் மூட்டுநோய்க்கு அது மருந்து. அளவு மீறினால் எமன். வற்றாளைக்கிழங்கென மயங்கி அவித்துண்டு மாண்டவர்கள் நம் நாட்டில் உண்டு. வாந்தி தொடங்கவே சில மணித்தியாலங்கள் செல்லுமாதலால், ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டிலிருப்பது பெருந்தவறு. கையுறையின்றிக் கிழங்கைத் தொடாதீர்கள். குழந்தைகள் தவழும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அந்த அச்சம் நியாயமானது. போர் முடிந்த 2009 இன் பின்னர் நான் கண்ட அச்சம் வேறு. விடுதலைப் புலிகள் தேசிய மலராகக் கொண்டிருந்த பூ என்பதால், படலையோரம் தானாய் முளைத்த கொடியை எங்கள் அயலவர் ஒருவர் இரவோடிரவாகத் தோண்டினார். தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதானே என்றேன். “அண்ணை, அதைச் சோதனைக்கு வாறவைக்குச் சொல்லுங்கோ” என்றார். ஒரு கொடி முளைத்ததற்கு மனிதன் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இத்தனைக்கும் நஞ்சைப் பற்றி அவர் எண்ணவேயில்லை. வெறுங்கையாற் பிடுங்கிய கிழங்குகளை, ஆடுகள் திரியும் ஒழுங்கையில் எறிந்துவிட்டுப் போனார். விடியுமுன் நான்தான் பொறுக்கிப் புதைத்தேன்.

மண்ணில் தப்பிய நுனியொன்று அடுத்த மாரியில் அதே படலையிற் பூத்தது. அவர் காணாதவர்போல் இருந்துவிட்டார்.