விருதுக்கு முன்னாடி சம்பளம் கொடுங்க: ஒரு பெண் பயிற்சியாளரின் கணக்கு



15 லட்சம் ரூபாய் மொத்தமா உங்க கையில வந்தா என்ன பண்ணுவீங்க? எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்ட், வீட்டுக்கடன்ல கொஞ்சம் அடைக்கிறதுன்னு ஆளுக்கு ஒரு பதில் வெச்சிருப்பீங்க. அந்தத் தொகை நிஜமாவே கைக்கு வந்த ஒருத்தரோட வாழ்க்கையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். அவர் சாந்தி சௌந்தரராஜன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்துல பிறந்தவர். 2005-ல இஞ்சியோன் ஆசிய தடகளப் போட்டியில 800 மீட்டர் ஓட்டத்துல வெள்ளி. 2006 டிசம்பர்ல தோஹா ஆசிய விளையாட்டுல அதே 800 மீட்டரை 2 நிமிஷம் 3.16 வினாடியில ஓடி மறுபடியும் வெள்ளி. கொஞ்ச நாள்லயே பாலினச் சோதனையில தேறலைன்னு சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறிச்சுட்டாங்க. ஓடுற வாழ்க்கை அங்கேயே முடிஞ்சுது.

அப்போ தமிழ்நாடு அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்துச்சு. அந்தப் பணத்தை வெச்சு அவர் நகை வாங்கல, மனை வாங்கல. புதுக்கோட்டையில பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சார். பயிற்சியாளர் ஆனார். ஆனா 2012 வாக்குல வந்த செய்தி என்ன தெரியுமா? நாள் கூலி 200 ரூபாய்க்கு அவர் செங்கல் சூளையில வேலை பார்க்கிறார்ங்கிறதுதான்.

இந்த இடத்துல நம்ம துறையில இருக்கிற பலரும் டக்குனு ஒரு தீர்ப்பு எழுதிடுவாங்க. "பணத்தை எஃப்.டி.யில போட்டிருக்கணும். நிதி அறிவு இல்லாததுதான் காரணம்." இந்தத் தீர்ப்பு தப்புன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு கணக்கோட சொல்றேன்.

மானாவாரி வருமானமும் கிணத்து வருமானமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஆளுங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ரொம்ப சுலபம். எங்க பக்கம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில மழை இறங்கினாத்தான் கண்மாய்ல தண்ணி. குண்டாறு வருஷத்துல பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். பருத்தி, மிளகாய், உளுந்து எதுவா இருந்தாலும் வெள்ளாமை வீடு வந்து சேர்றப்போ ஒரு தடவைதான் பணம். அந்தப் பணத்துல கடனை அடைச்சு, அடுத்த விதைப்புக்கு எடுத்து வெச்சு, மிச்சத்தை அடுத்த மழை வரைக்கும் ஓட்டணும். இது மானாவாரி வருமானம்.

கிணத்துல தண்ணி இருக்கிறவங்க கதை வேற. கொஞ்சமா இருந்தாலும் தொடர்ந்து ஊறும். அதை நம்பி அடுத்த போகத்துக்குத் திட்டம் போடலாம். உங்க மாசச் சம்பளம் அந்தக் கிணறு மாதிரி.

விளையாட்டு வீரரோட வருமானம் மானாவாரி. ஜெயிச்சா பரிசு, இல்லைன்னா இல்லை. அதுல யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. ஆனா பயிற்சியாளர் வேலை அப்படிப்பட்டதா? தினமும் காலையில மைதானத்துக்குப் போகணும், சாயங்காலமும் போகணும். பிள்ளைங்க சாப்பாடு, ஷூ, காயம், பரீட்சை எல்லாம் பார்க்கணும். பெண் பிள்ளைகளா இருந்தா வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பச் சொல்லி அவங்க அப்பா அம்மாகிட்ட பேசிச் சம்மதம் வாங்கணும். இது வருஷம் பூரா நடக்கிற வேலை. வருஷம் பூரா நடக்கிற வேலைக்கு மானாவாரியில காசு கொடுத்தா எப்படி?

15 லட்சத்தோட உண்மையான மதிப்பு

சரி, அந்த 15 லட்சத்தை அப்படியே டெபாசிட்ல போட்டிருந்தா? 7% வட்டின்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 1,05,000 ரூபாய், மாசத்துக்கு 8,750. அசலைத் தொடக்கூடாது, மைதானத்துக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பைசா செலவு பண்ணக்கூடாது. அப்படி இருந்தாத்தான் இதுவும். 6% விலைவாசி உயர்வுன்னா 12 வருஷத்துல எல்லா விலையும் இரட்டிப்பாகும். வட்டி மட்டும் அதே 8,750-தான். ஆக, எஃப்.டி. போட்டிருந்தாலும் அது ஒரு வாழ்வாதாரம் ஆகியிருக்காது.

இப்போ அதையே திருப்பிப் போடுங்க. மாசம் 30,000 ரூபாய் சம்பளத்துல ஒரு பயிற்சியாளர் வேலை. வருஷத்துக்கு 3,60,000. இந்தத் தொகை 7% வட்டியா வரணும்னா பேங்க்ல சுமார் 51 லட்சம் இருக்கணும். அதோட, வருஷா வருஷம் 5% இன்கிரிமென்ட் கிடைச்சா 12 வருஷத்துல அந்தச் சம்பளம் 53,800 ரூபாயைத் தாண்டியிருக்கும். மேடையில கொடுத்த காசோலை 15 லட்சம். கொடுக்காம விட்ட வேலையோட மதிப்பு 51 லட்சத்துக்கும் மேல.

இன்னொண்ணும் யோசிங்க. அவர் அந்தப் பணத்தை எதுல செலவு பண்ணார்? கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறதுல. அது அரசாங்கமும் கல்லூரிகளும் செய்ய வேண்டிய வேலை. தன் கைக்காசைப் போட்டு பொது வேலை செஞ்சவரைப் பார்த்து "சேமிக்கத் தெரியலை"ன்னு சொல்றது நியாயமா?

அவரை மறுபடியும் நிமிர வெச்சது இன்னொரு பரிசு இல்லை. 2013-ல பெங்களூருல இந்திய விளையாட்டு ஆணையத்தோட பயிற்சியாளர் டிப்ளமோவுல சேர்ந்து முடிச்சார். அதுக்கப்புறம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துல பயிற்சியாளர் வேலை கிடைச்சுது. அதுவும் ஆரம்பத்துல ஒப்பந்த வேலைதான். நிரந்தரமாக்கச் சொல்லி அவரே கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ஆசிய அளவுல ரெண்டு முறை ரெண்டாவதா வந்தவரோட நிலைமையே இது.

கொஞ்சம் கோல்ஃப் பக்கம் போவோம்

கோல்ஃப் நமக்குப் பெரும்பாலும் டிவியில பார்க்கிற ஆட்டம். ஆனா அமெரிக்காவுல "கல்லூரி பெண்கள் கோல்ஃப் பயிற்சியாளர்"ங்கிறது ஒரு முழுநேர உத்தியோகம். மாணவிகளைத் தேர்ந்தெடுக்கிறது, போட்டி அட்டவணை போடுறது, பயணத்துக்கு ஏற்பாடு பண்றது, அவங்க படிப்பு தடைபடாமப் பார்க்கிறதுன்னு வருஷம் முழுக்க வேலை. பெரிய பல்கலைக்கழகங்கள்ல இதுக்கு மாசச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் உண்டு. ஒருத்தர் 30 வருஷம் இதே வேலையில இருந்து ஓய்வு பெறலாம்.

இது தானா வந்துடல. 1972-ல அமெரிக்காவுல "டைட்டில் 9"னு ஒரு சட்டம் வந்துச்சு. அரசுப் பணம் வாங்குற கல்வி நிறுவனம் ஆண், பெண் பாகுபாடு காட்டக்கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். அதனால பெண்கள் அணிகள் பெருகுச்சு, ஒவ்வொரு அணிக்கும் பயிற்சியாளர் பணியிடம் வந்துச்சு. 1982-ல தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்கள் கோல்ஃபுக்குச் சாம்பியன்ஷிப் நடத்த ஆரம்பிச்சுது.

இதுல ஒரு கசப்பான பக்கமும் இருக்கு. 1972-ல அங்கே கல்லூரிப் பெண்கள் அணிகளோட பயிற்சியாளர்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல பெண்கள். 2014 வாக்குல அது 43 சதவீத அளவுக்கு இறங்கிடுச்சு. சம்பளம் இல்லாதப்போ பெண்கள் பார்த்த வேலை, நல்ல சம்பளம் வந்ததும் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போயிடுச்சு. நம்ம ஊர்ல பணியிடம் உருவாக்குறப்பவே இதை மனசுல வெச்சுக்கணும்.

"ரிசல்ட் காட்டினா காசு கொடுக்கலாமே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதில் எளிமையானது. திருச்சுழி பக்கத்துக் கிராமத்துல ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு நல்லா ஓடுறான்னு வைங்க. அவ பல்கலைக்கழக அளவுல ஓடுறதுக்கு ஏழெட்டு வருஷம் ஆகும். பயிற்சியாளரோட ஒப்பந்தம் 11 மாசம்தான்னா, அந்த ஏழெட்டு வருஷத்துக்கு யார் பொறுமையா இருப்பாங்க? ஏற்கனவே ஓடத் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்து இந்த வருஷம் ஒரு கப் வாங்கத்தான் பார்ப்பாங்க. அந்தப் பொண்ணு நைசா மில்லு வேலைக்கோ கல்யாணத்துக்கோ போயிடுவா. ஒரு திறமை இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது.

"நிரந்தரம் ஆக்கினா வேலை செய்ய மாட்டாங்க"ன்னும் சொல்வாங்க. சரி, ஆயுசு முழுக்க வேண்டாம். 5 வருஷ நியமனம், பி.எஃப்., கிராஜுவிட்டி, பிரசவ விடுப்பு. இவ்வளவுதான் நான் கேட்கிறது. வீராங்கனைகளுக்கு அரசு வேலையில 3% விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு, சந்தோஷம். அவங்களை உருவாக்குறவங்களுக்கும் ஒரு சம்பளப் பட்டியல் வேணும்.

விருதுகளை நான் குறை சொல்லல. துரோணாச்சார்யா வாழ்நாள் விருதுக்கு 15 லட்சம் ரூபாய் கொடுக்கிறாங்க. 2023-ல ஒரு கோல்ஃப் பயிற்சியாளரும், ஜஸ்கிரத் சிங் கிரேவால், அதை வாங்கினார். ஆனா 40 வருஷ உழைப்புக்கு 15 லட்சத்தை வகுத்துப் பாருங்க. மாசத்துக்கு 3,125 ரூபாய். மரியாதைக்கு விருது வேணும். வீட்டு வாடகைக்குச் சம்பளம்தான் வேணும்.

இதுல உங்களுக்கு என்ன இருக்கு?

நிறைய இருக்கு. பயிற்சியாளருக்கு நடக்கிறது உங்க ஆபீஸ்லயும் நடக்குது. "கன்சல்டன்ட்", "ரீடெய்னர்"னு பேர் வெச்சு, பி.எஃப். பிடிக்காம கையில கொஞ்சம் கூடுதலா கொடுக்கிறாங்க. நாமும் "இன்ஹேண்ட் அதிகம்"னு சந்தோஷமா கையெழுத்துப் போடுறோம். உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து இந்த மூணையும் பாருங்க.

1. டி.டி.எஸ். எந்தப் பிரிவுல பிடிக்கிறாங்க? சம்பளம்னா உங்க மொத்த வருமானத்தைக் கணக்குப் போட்டுப் பிடிப்பாங்க. 1961 சட்டத்தோட 194ஜே-ன்னு 10% பிடிச்சா, நீங்க அவங்க ஊழியர் இல்லை, வெளியாள். விளையாட்டுப் பயிற்சியாளர்களை 2008-லயே இந்தப் பிரிவுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. புதிய வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண் மாறினாலும் விஷயம் அதேதான்.

2. பி.எஃப். உண்டா? 15,000 ரூபாய் வரம்புக்கே கணக்குப் போட்டாலும் நீங்க 1,800, நிறுவனம் 1,800. நிறுவனத்தோட பங்குல 1,250 பென்ஷனுக்குப் போக, மிச்சம் 2,350 உங்க கணக்குல சேரும். 8% வட்டி 30 வருஷம் கிடைச்சா அது சுமார் 33 லட்சம். மேடை, மாலை, காசோலை எதுவும் இல்லாம வர்ற 33 லட்சம்!

3. கிராஜுவிட்டி உண்டா? பேசிக் 26,000-னா, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15,000 ரூபாய். 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புப்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு ஒரு வருஷம் முடிஞ்சாலே இதுக்கு உரிமை உண்டு. ஆனா நீங்க காகிதத்துல "ஊழியரா" இருக்கணும்.

ஏற்கனவே கன்சல்டன்ட்டா இருக்கீங்களா? பயப்பட வேண்டாம். உங்க வருமானம் மானாவாரிங்கிறதை ஒத்துக்கிட்டு அதுக்கேத்த மாதிரி நடந்துக்குங்க. மாசச் சம்பளக்காரருக்கு 6 மாசச் செலவு கையிருப்பு போதும்னா உங்களுக்கு 12 மாசம். கம்பெனி காப்பீடு இருக்காது, அதனால சொந்தமா மருத்துவக் காப்பீடு. பி.எஃப். இடத்துல நீங்களே மாசாமாசம் போடுற ஒரு பி.பி.எஃப். அல்லது எஸ்.ஐ.பி. இதையெல்லாம் கணக்குல சேர்த்துத்தான் உங்க ஃபீஸைப் பேசணும். சம்பளக்காரர் வாங்குற அதே தொகையை நீங்க வாங்கினா, நிஜத்துல நீங்க குறைவா வாங்குறீங்க.

கடைசியா ஒண்ணு. உங்கள்ல பல பேர் படிச்ச கல்லூரியோட முன்னாள் மாணவர் சங்கத்துல இருக்கீங்க. வருஷா வருஷம் வசூல் பண்ணி கோப்பையும் கேடயமும் வாங்கிக் கொடுக்கிறோம். இந்தத் தடவை கூட்டத்துல ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம காலேஜ் பொண்ணுங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவங்களுக்கு மாசம் எவ்வளவு கொடுக்கிறோம்? பி.எஃப். பிடிக்கிறோமா?" 50 பேர் சேர்ந்து மாசம் 600 ரூபாய் போட்டா 30,000. ஒரு பயிற்சியாளரோட சம்பளம் அது. ஒரு கேடயத்தோட விலையைவிட அதிகம்தான். ஆனா அதை நம்பி ஒருத்தர் அடுத்த வருஷமும் அந்த மைதானத்துக்கு வருவார்.