தின வர்த்தகம்: பண வரம்பும் இடர் வரம்பும்

பங்கை வாங்கிய அன்றைக்கே விற்றுக் கணக்கை முடிக்கும் தின வர்த்தகத்தில், தம் கைப்பணத்தைப் போலப் பல மடங்கு மதிப்புள்ள பங்குகளைத் தரகரின் துணையோடு வாங்க முடிகிறது. அதற்கு ஈடாக வர்த்தகர் முன்கூட்டிக் கட்டும் தொகையே மார்ஜின் எனப்படுகிறது. வாங்கும் பங்கின் மதிப்பில் எத்தனை விழுக்காடு மார்ஜின் தேவை என்ற விதி இடரை அளக்கிறது. குறைந்தது எவ்வளவு பணம் உடையவர் இதில் இறங்கலாம் என்ற விதியோ ஆளின் வசதியை அளக்கிறது. முன்னதன் வேலையைப் பின்னதிடம் ஒப்படைப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு அமெரிக்க அனுபவமே சான்று.

இணையத் தொழில் பங்குகளின் விலை வீங்கி 2000ஆம் ஆண்டில் சரிந்த பின்னர், 2001இல் அங்கு ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஐந்து வேலை நாட்களுக்குள் நான்கு முறையோ அதற்கு மேலோ தின வர்த்தகம் செய்து, அவை தம் மார்ஜின் கணக்கின் மொத்தப் பரிவர்த்தனைகளில் 6 விழுக்காட்டைத் தாண்டியவர், கணக்கில் குறைந்தது 25,000 டாலர் வைத்திருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. வரம்பைக் கடந்தவருக்கு, ஏற்கெனவே கையிலுள்ள பங்குகளுக்காகக் கணக்கில் இருத்த வேண்டிய பராமரிப்பு மார்ஜின் போக எஞ்சிய தொகையைப் போல நான்கு மடங்கு வரை பங்கு வாங்கும் உரிமை கிடைத்தது. ஆகவே 30,000 டாலர் உடையவர் 1,20,000 டாலருக்குப் பங்கு வாங்கி, விலை 5 விழுக்காடு இறங்கினால், தம் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே நாளில் இழக்க நேரும். மறுபுறம், 20,000 டாலர் மட்டுமே உடையவர், எண்ணிக்கை வரம்பை மீற அஞ்சி, நட்டத்தில் இருக்கும் பங்கை அன்றே விற்காமல் மறுநாள் வரை வைத்திருந்து, இரவில் வரும் செய்தியால் விலை மேலும் சரியும் இடரைச் சுமக்க நேர்ந்தது. பாதுகாப்புக்கென வந்த விதி, வசதி படைத்தவரின் இடரைப் பெருக்கவும் எளியவரின் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தவும் இடம் தந்தது. தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ராவின் ஆளுநர் குழுவே, 2025 செப்டம்பரில், இவ்வரம்பை விடுத்து, பகல் நேரத்தில் எடுக்கப்படும் நிலைகளின் இடருக்கேற்ப மார்ஜின் கோரும் முறைக்கு மாற ஒப்புதல் அளித்தது.

இந்தியா குறைந்தபட்சக் கணக்குத் தொகை எதையும் விதிக்காமல் வேறு வழியில் சென்றது. நாள் முடிவில் மட்டும் மார்ஜின் கணக்கிடப்பட்ட காலத்தில், பகலில் தரகர்கள் தாராளமாக அளித்த கூடுதல் வரம்பு யார் கணக்கிலும் சிக்கவில்லை. நாளின் எதிர்பாராத நேரங்களில் குறைந்தது நான்கு முறை நிலைகளைப் பதிவுசெய்து, அவற்றுள் உச்சமானதற்கு மார்ஜின் கேட்கும் முறையைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2020 டிசம்பரில் தொடங்கி, 25, 50, 75 விழுக்காடு எனப் படிப்படியாக உயர்த்தி, 2021 செப்டம்பரில் முழுமையாக்கியது. ரொக்கச் சந்தையில் 20 விழுக்காடாவது மார்ஜின் தேவைப்படுவதால், கைப்பணத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வாங்க இயலாது.

ஆயினும் இவ்விதி காப்பது தரகரையும், பரிவர்த்தனைகளுக்குப் பொறுப்பேற்கும் தீர்வகத்தையுமே. 2022–23இல் ரொக்கச் சந்தையில் தின வர்த்தகம் செய்த தனிநபர்களில் பத்துப் பேரில் எழுவர் நட்டமடைந்தனர் என்றும், 2018–19இல் 18 விழுக்காடாக இருந்த முப்பது வயதுக்குட்பட்டோரின் பங்கு 48 விழுக்காடானது என்றும் செபியின் 2024 ஜூலை ஆய்வு காட்டியது. சேமிப்பின் தொடக்கத்தில் நிற்கும் இத்தலைமுறையின் இழப்பு, சந்தை சீராக இயங்குவதால் மட்டும் சிறிதாகிவிடாது.

ஆகவே இரு நோக்கங்களுக்கும் இரு கருவிகள் தேவை. சந்தையின் பாதுகாப்புக்கு, வசதியைப் பாராமல் இடரை மட்டும் பார்க்கும் உச்ச மார்ஜின் போதும். தனிநபரின் பாதுகாப்புக்கோ, முன்பேர வணிகத்தில் 2023 ஜூலை முதல் தரகர்கள் காட்டிவரும் பொது எச்சரிக்கையைத் தாண்டி, ஒவ்வொருவரின் சொந்தக் கணக்கிலும் தரகும் வரியும் போக எஞ்சிய இலாப நட்டத்தை, அடுத்த ஆணையை இடும் முன்னரே அவர் கண்முன் வைக்கும் கடமையைத் தரகர்கள்மீது செபி சுமத்த வேண்டும். தேவையான தரவுகள் யாவும் ஏற்கெனவே அவர்களிடம் உள்ளன.