ஓசியில் கிடைத்த மலையா?

இங்கிலாந்தின் மிக உயரமான மலை எது? சட்டென்று கேட்டால் பலருக்கும் பதில் வராது. ஸ்காஃபெல் பைக் என்பது அதன் பெயர். உயரம் 978 மீட்டர். ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை! இமயமலைப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வெறும் குன்று. அப்படி நினைப்பதில்தான் ஆபத்தே தொடங்குகிறது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்களே, அது இந்த மலைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும்.

இந்த மலையில் ஏற டிக்கெட் கிடையாது. கேட் கிடையாது. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கீழே காரை நிறுத்தக் காசு கொடுக்க வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். மேலே போய் மாட்டிக்கொண்டால் ஆட்கள் தேடி வந்து தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடுவார்கள். அதற்கும் பில் வராது.

ஒரு பொருள் இலவசமாகக் கிடைத்தால் மனிதர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். "ஓசிதானே" என்று அலட்சியமாக இருப்பது ஒன்று. இது எப்படி இலவசமானது, இதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது இன்னொன்று. ஸ்காஃபெல் பைக் ஏறுகிறவர்களில் முதல் வகையினர் பெருகிவிட்டால், அதற்கான விலையை வேறு யாரோதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

சின்ன மலை, பெரிய வேலை

இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் இருக்கிறது ஸ்காஃபெல் பைக். பெரும்பாலானவர்கள் ஏறத் தொடங்குவது வாஸ்டேல் ஹெட் என்ற இடத்திலிருந்து. பக்கத்திலேயே வாஸ்ட் வாட்டர், இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரி. இங்கே நிலம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லை. பாதி மலை வரை பஸ்ஸிலோ காரிலோ போய், மீதியை நடக்கும் கதை இங்கே நடக்காது. கிட்டத்தட்ட 900 மீட்டரையும் சொந்தக் காலால்தான் ஏற வேண்டும்.

பாதை ஓர் ஓடையை ஒட்டி ஏறுகிறது. பிரவுன் டங் என்ற மேட்டைக் கடந்து, பாறைச் சுவர்கள் சூழ்ந்த ஹாலோ ஸ்டோன்ஸ் என்ற பள்ளத்தை அடைகிறது. அங்கிருந்து லிங்மெல் கணவாய், அப்புறம் உச்சி. கடைசிப் பகுதியில் மண்ணே கிடையாது. உறைபனி பிளந்து போட்ட பாறாங்கற்கள்தான் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. சில ஆடும், சில வழுக்கும். ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வழியைக் காட்டச் சின்னச் சின்னக் கற்குவியல்கள் இருக்கின்றன. ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் எல்லாக் கற்குவியலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பக்கத்திலேயே 964 மீட்டர் உயரத்தில் ஸ்காஃபெல் என்ற இன்னொரு மலை. இரண்டுக்கும் நடுவே மிக்கில்டோர் என்ற குறுகிய இடைவெளி. "இவ்வளவு கிட்டே இருக்கிறதே, அதையும் பார்த்துவிடலாம்" என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கம் நிற்பது பிராட் ஸ்டாண்ட் என்ற செங்குத்தான பாறை அடுக்கு. கவிஞர் கோல்ரிட்ஜ் 1802 ஆகஸ்ட்டில் ஸ்காஃபெலிலிருந்து வழி தெரியாமல் அதன் மேலாகவே இறங்கி, எப்படியோ உயிர் தப்பினார். அவருக்குப் பிறகு அங்கே விழுந்த எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. மலையின் இன்னொரு பக்கத்தில் காரிடார் ரூட் என்ற பாதையைத் தவறவிட்டு, பியர்ஸ் கில் என்ற ஆழமான பிளவுக்குள் இறங்கி, மேலேயும் வர முடியாமல் கீழேயும் போக முடியாமல் சிக்கிக்கொள்கிறவர்களும் உண்டு.

வானிலையையும் மறந்துவிடக் கூடாது. இந்த மலைத்தொடரின் மறுபக்க அடிவாரத்தில் இருக்கும் சீத்வெயிட் என்ற சிற்றூர், இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர்! உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் வெப்பம் குறையும். கீழே டி-ஷர்ட்டோடு கிளம்பியவர் மேலே காற்றிலும் ஈரத்திலும் நடுங்கத் தொடங்குவது இப்படித்தான். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரமாகும்? 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஓர் எளிய கணக்கு சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். வாஸ்டேல் ஹெட்டிலிருந்து போய்வர ஏறத்தாழ ஆறு மைல். ஏற்றம் ஏறத்தாழ 3,000 அடி. ஆக மூன்றரை மணி நேரம். இது உட்காராமல், படம் எடுக்காமல், சாப்பிடாமல், நல்ல பாதையில் நடப்பவருக்கான கணக்கு. பாறாங்கல் பகுதியையும் ஓய்வையும் சேர்த்தால் சாதாரண ஆளுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். மதியம் 2 மணிக்குக் கிளம்பி "சும்மா ஒரு ரவுண்டு போய்வரலாம்" என்று நினைப்பவர் இருட்டில்தான் இறங்குவார்.

யார் கொடுத்த மலை?

இந்த மலை எல்லோருக்கும் சொந்தமானது தானாக நடந்ததல்ல. 1919-ல் இதன் உரிமையாளராக இருந்த லெகன்ஃபீல்ட் பிரபு உச்சிப் பகுதியை நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் கொடுத்தார். முதல் உலகப் போரில் உயிரிழந்த லேக் டிஸ்ட்ரிக்ட் ஆண்களின் நினைவாக! அதாவது இங்கிலாந்தின் மிக உயரமான இடம் ஒரு போர் நினைவுச் சின்னம். உச்சியில் உள்ள பெரிய கல்மேடையில் அதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

எதிரே இருக்கும் கிரேட் கேபிள் மலைக்கும் இதே மாதிரி கதைதான். அந்தப் பகுதியின் மலையேறிகள் சங்கம் ஒன்று, போரில் இறந்த தன் உறுப்பினர்களின் நினைவாக அங்கே நிலத்தை வாங்கி 1923-ல் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு நவம்பரிலும் போர் நினைவு ஞாயிறன்று மக்கள் அந்த உச்சிக்கு ஏறி, மழையோ காற்றோ, மௌனமாக நின்று அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இவை தானமாக வந்தவை. இங்கிலாந்தின் மற்ற மேட்டுநிலங்கள் பலவற்றில் கால் வைக்கவே போராட வேண்டியிருந்தது. தெற்கே, மான்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அது பணக்காரர்கள் பறவை வேட்டையாடும் இடமாக இருந்தது. வாரம் முழுக்க ஆலைப் புகையில் உழைத்த தொழிலாளர்கள் ஞாயிறன்று அங்கே நடக்கக் கூடாது! 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற இளைஞரின் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தார்கள். காவலுக்கு நின்றவர்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை. அந்த ஒரு நாளாலேயே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா ஆனது. 2000-ல் வந்த சட்டம் மலைகளிலும் திறந்த மேட்டுநிலங்களிலும் கால்நடையாக நடக்கும் உரிமையைப் பொதுமக்களுக்குக் கொடுத்தது.

ஆகவே இது ஓசியில் கிடைத்த மலை அல்ல. முன்பே விலை கொடுத்து வாங்கப்பட்ட மலை.

இன்றும் கொடுக்கப்படும் விலை

அந்த விலை 1932-லோ 2000-லோ முடிந்துவிடவில்லை. லேக் டிஸ்ட்ரிக்டில் மலை மீட்புக் குழுக்கள் பன்னிரண்டு இருக்கின்றன. அவற்றில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அழைப்பு வந்தால் சாப்பாட்டிலிருந்தோ தூக்கத்திலிருந்தோ எழுந்து ஓடுகிறவர்கள். வண்டி, கயிறு, ஸ்ட்ரெச்சர் என்று எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் நன்கொடைப் பணம்தான்.

2021 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். கொரோனா ஊரடங்குக் காலம். ரெட் ஸ்க்ரீஸ் என்ற மலையில் விதியை மீறி இரண்டு பேர் கூடாரம் போட்டிருந்தார்கள். இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி. உதவிக்கு ஏறிய தன்னார்வலர் ஒருவர் சரிவில் சுமார் 150 மீட்டர் விழுந்து, முதுகெலும்பில் கடுமையான காயம் அடைந்தார். கூடாரம் போட்டவர்களுக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஆளுக்கு 200 பவுண்டு.

இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் ஒரு குரல் எழும்: "மீட்கப்படுகிறவரிடம் கட்டணம் வசூலியுங்கள். அப்போதுதான் புத்தி வரும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் மீட்புச் செலவு மீட்கப்பட்டவர் மீதோ அவருடைய இன்ஷூரன்ஸ் மீதோ விழுகிறது. அங்கே யாரும் அதைக் கொடுமை என்று சொல்வதில்லை. அலட்சியமாக ஏறியவருக்காக இன்னொருவர் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்ற கோபத்திலும் தப்பில்லை.

ஆனாலும் இங்கிலாந்து மலைகளில் கட்டணம் வேண்டாம் என்பதே சரி. பில் வரும் என்று தெரிந்தால் மக்கள் உதவி கேட்கத் தயங்குவார்கள். "இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கலாம்" என்று இருட்டும் வரை காத்திருப்பார்கள். மதியம் 3 மணிக்கு எளிதாக முடிந்திருக்க வேண்டிய மீட்பு, இரவு 10 மணிக்கு மழையில் நடக்கும். அதில் மீட்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். மேலும், யார் அலட்சியக்காரர், யார் துரதிர்ஷ்டசாலி என்று எப்படிப் பிரிப்பது? இருபது வருட அனுபவம் உள்ளவரும் ஈரக் கல்லில் வழுக்கிக் கால் உடையலாம். மீட்புக்குழுக்களே தங்கள் சேவை இலவசமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்லிவருகின்றன. உயிரைக் கொடுத்து உழைப்பவர்களே காசு வேண்டாம் என்னும்போது மற்றவர்கள் அவர்கள் சார்பில் பில் நீட்டத் தேவையில்லை.

காசு வேண்டாம் என்றால் பொறுப்பும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கட்டணத்தை வேறு நாணயத்தில் செலுத்த வேண்டும், கிளம்புவதற்கு முன்பே. காகித வரைபடமும் திசைகாட்டியும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் உடன் இருக்க வேண்டும், ஏனென்றால் போனில் சார்ஜ் தீரும், சிக்னல் போகும். பாதத்தைப் பிடிக்கும் பூட்ஸ், மழைக்கோட்டு, ஒரு கம்பளி உடை, தலையில் மாட்டும் டார்ச், விசில் வேண்டும். ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும், பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். போன் வேலை செய்தால் 999-ஐ அழைத்துப் போலீஸைக் கேட்டு, அவர்களிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் டிக்கெட்!

24 மணி நேர அவசரம்

அலட்சியத்துக்கு இன்னொரு பெயர் அவசரம். "மூன்று சிகரங்கள்" என்று ஒரு சவால் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் (1,345 மீ), இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக், வேல்ஸின் ஸ்னோடன் (1,085 மீ) மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். நடுவில் 450 மைலுக்கு மேல் வண்டிப் பயணம். பலர் நல்ல காரியத்துக்கு நன்கொடை திரட்டத்தான் இதைச் செய்கிறார்கள். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வரிசையில் நடுவில் வருவது ஸ்காஃபெல் பைக். தூக்கமில்லாத கண்ணோடு, பலர் நள்ளிரவில், இருட்டில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். சின்னப் பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்கு வண்டிச் சத்தமும் குப்பையும்தான் மிச்சம். எங்கே ஏறினோம் என்றே பார்க்காமல் ஏறி என்ன பயன்? நன்கொடைக்குத்தான் என்றால், ஒரே மலையைப் பகலில் நிதானமாக ஏறியும் திரட்டலாமே!

1818 அக்டோபரில் டோரத்தி வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய தோழி மேரி பார்க்கரும் இதே உச்சிக்கு ஏறினார்கள். ஜிபிஎஸ் இல்லை, நவீன பூட்ஸ் இல்லை. அவர்களிடம் இருந்தது ஊர் மேய்ப்பர் ஒருவரின் துணை. உச்சியில் அமைதியாக இருந்தபோதே அவர் வானத்தைப் பார்த்துப் புயல் வரப்போகிறது என்றார். இருவரும் அவர் பேச்சைக் கேட்டு இறங்கினார்கள். இருநூறு வருடங்களுக்குப் பிறகு எல்லோர் பையிலும் வானிலை முன்னறிவிப்பு இருக்கிறது. கேட்டு நடக்கும் பழக்கம்தான் குறைந்துவிட்டது.

பாதி வழியில் மேகம் இறங்கினால் திரும்பிவிடுவது தோல்வி அல்ல. மலை எங்கும் ஓடிப்போகாது. அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும், அப்போதும் டிக்கெட் கேட்காது. அன்றைக்குத் திரும்பியவரால் ஒரு தன்னார்வலர் தன் குழந்தைகளோடு உட்கார்ந்து நிம்மதியாக இரவுச் சாப்பாட்டை முடித்திருப்பார். உச்சியில் எடுக்கும் படத்தைவிட அது எவ்வளவோ மேல் இல்லையா? யோசித்துப் பாருங்கள் நண்பர்களே.