கல்லூரி வரை காத்திருக்கவா?
"செயற்கை நுண்ணறிவைப் பிள்ளைகள் பயன்படுத்தக் கற்றால் போதும்; அறம், நியாயமெல்லாம் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் சிலர். காத்திருக்கக் கூடாது; காரணம் மூன்று.

ஒன்று. 2020இல் இங்கிலாந்தில் கொரோனாவால், கல்லூரி இடத்தை முடிவு செய்யும் ஏ-லெவல் தேர்வு நடக்கவில்லை. தரத்தை ஒரு கணிப்புமுறை முடிவு செய்தது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தை அது குறைத்தது. அது பார்த்தவற்றுள் பள்ளியின் பழைய தேர்ச்சியும் ஒன்று. எவரோ முன்னே கோட்டைவிட்டதற்கு இன்றைய மாணவிக்குத் தண்டனை! மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகே, ஆகஸ்ட் 17இல், அரசு பின்வாங்கியது. அவர்களிடம் "கல்லூரியில் படித்துக்கொள்" என்பீர்களா? பறிபோகவிருந்ததே கல்லூரி இடம்தானே?

இரண்டு. பயன்படுத்துவதே அறிவென்றால், சுவிட்சு போடுகிறவரெல்லாம் மின்பொறியாளர்.

மூன்று. சாட்ஜிபிடி இல்லாத புத்தகத்தையும் ஆசிரியர் பெயரோடு கூசாமல் சொல்லும். அதைச் சந்தேகிக்கப் பழக்குவது எட்டாம் வகுப்பிலா, பட்டமளிப்பு விழாவிலா?