கூட்டி வகுத்தால் போதுமா?

எதிர் வீட்டுப் பையன் போன வாரம் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தான். எஞ்சினீயரிங்கில் முதல் செமஸ்டர் முடிவு வந்துவிட்டதாம். "சராசரி எட்டு, ஸார்!" என்றான். தாளை வாங்கிப் பார்த்தேன். நாலு பாடங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சொன்னால் நீங்கள் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடுவீர்கள்!

கணிதத்தில் 6, பௌதிகத்தில் 7, சோதனைச்சாலையில் 10, ஆங்கிலப் பயிற்சியில் 9. பையன் 32-ஐ நாலால் வகுத்துவிட்டான். அங்கேதான் தவறு. ஒவ்வொரு பாடத்துக்கும் 'கிரெடிட்' என்று ஓர் எடை உண்டு. வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறையானால் இரண்டு மணிக்கு ஒன்று. இவனுக்குக் கணிதம் 4, பௌதிகம் 3, சோதனைச்சாலை 2, ஆங்கிலப் பயிற்சி 1. மதிப்பை எடையால் பெருக்குங்கள்: 24, 21, 20, 9. கூட்டினால் 74. மொத்தக் கிரெடிட் பத்தால் வகுத்தால் 7.4தான்! ஆள் எடுக்க வருகிற கம்பெனி ஏழரை கேட்டால், பையன் வாசலோடு சரி.

ஆங்கிலத்தில் ஒரு படி ஏறியிருந்தால் 7.5. கணிதத்தில் ஒரு படி ஏறியிருந்தாலோ 7.8! பிடித்த பாடத்தையே மாய்ந்து மாய்ந்து படிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். தேறிய பாடத்தை மறுபடி எழுதி மதிப்பைக் கூட்டிக்கொள்ள எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது.

அவனுடைய அக்காவும் பின்னாலேயே வந்திருந்தாள். ஏழு செமஸ்டர் முடித்தவள். 140 கிரெடிட், சராசரி 6.5. மேல்படிப்புக்கு 7 வேண்டுமாம். "இந்தக் கடைசி செமஸ்டரில் பிடித்துவிடலாமா, ஸார்?" என்றாள்.

போட்டுப் பார்த்தோம். 160 கிரெடிட்டுக்கு 7 என்றால் 1120 புள்ளி வேண்டும். கையில் இருப்பது 910. பாக்கி 210-ஐ இருபது கிரெடிட்டில் எடுக்கவேண்டும். அதாவது பாடத்துக்குப் பத்தரை! உச்சமே பத்துத்தானே? எல்லாவற்றிலும் பத்து வாங்கினாலும் 6.94-இல் நின்றுவிடும். நாலாவது செமஸ்டர் முடிவில், 80 கிரெடிட்டும் அதே 6.5-உமாக இருந்தபோது இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், மீதிப் பாதியில் ஏழரை எடுத்தாலே போதும்.

அந்தப் பெண் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தம்பியின் தாளை இழுத்து, கணிதத்தைச் சுற்றிப் பென்சிலால் அழுத்தி ஒரு வட்டம் போட்டாள்.