சாவிக்குப் பதில் கைபேசியா?

வலிப்பு வந்து விழுந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அது மூடநம்பிக்கை என்பதில் ஐயமில்லை. ஆனால், மருந்தும் மருத்துவரும் இல்லாத ஊருக்குக் கைபேசிச் செயலியை மட்டும் அனுப்பிவிட்டு ‘டிஜிட்டல் சுகாதாரம்’ என்று முழங்குவது எந்த அறிவியலில் சேர்த்தி?

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் சுமார் 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். நோயை முறையாகக் கண்டறிந்து மருந்தளித்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும், அதற்கான மருந்தை ஆண்டுக்கு 5 டாலர் செலவிலேயே வழங்க முடியும் என்றும் கூறுகிறது உலக சுகாதார நிறுவனம். எனவே, பற்றாக்குறை அறிவியலில் இல்லை. ஆட்சியாளர்களின் மனத்தில் இருக்கிறது.

இதற்கான சான்று, மென்பொருள் தலைநகர் எனப் போற்றப்படும் பெங்களூருவிலேயே உள்ளது. நகரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2004இல் வெளியாயிற்று. ஆயிரம் பேரில் வலிப்பு நோயாளிகள் நகரத்தில் 5.7, கிராமத்தில் 11.9. நோய் கிராமத்தில் இரு மடங்கு. நரம்பியல் மருத்துவர்களோ நகரங்களில் குவிந்துள்ளனர். பெங்களூருவின் நரம்பியல் முன்னோடி டாக்டர் கே.எஸ். மணியின் குழு, கர்நாடகத்தின் யளந்தூர் வட்டாரத்தில் மேற்கொண்ட ஆய்வு 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. பெனோபார்பிட்டோன், பெனிட்டாயின் ஆகிய மலிவான, பழைய மருந்துகளைக் கொண்டே, மிகக் குறைந்த பரிசோதனைகளுடன், கிராமத்தில் நோயைக் கட்டுப்படுத்த இயலும் என்று அது நிறுவியது. அங்கே மருந்து மக்களைத் தேடிச் சென்றது.

தொழில்நுட்பத்தை எதிர்ப்பது இடதுசாரிகளின் நிலைபாடு அன்று. எந்திரம் வேறு, அதை மூலதனம் பயன்படுத்தும் முறை வேறு என்று மார்க்ஸ் தெளிவுபடுத்தியிருக்கிறார். வலிப்பு வரும்போது உறவினர் கைபேசியில் எடுக்கும் காணொளி, நோயைக் கண்டறிய மருத்துவருக்குப் பெரிதும் உதவும். தொலைமருத்துவம் ஏழையின் பயணச் செலவையும் இழக்கும் கூலியையும் மிச்சப்படுத்தும். ஆனால், மருந்தைத் திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு தாக்கி உயிரே போகக்கூடும். மாத்திரை போடும் நேரத்தைக் கைபேசி நினைவூட்டும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு தீர்ந்திருந்தால், அந்த மணியோசையால் யாருக்கு என்ன பயன்?

செயலியை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்பவர் யார் என்பதும் எழுப்ப வேண்டிய கேள்வி. 2025 ஜனவரியில் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் ஆயிரக்கணக்கான ஆஷா ஊழியர்கள் குளிரில் அமர்ந்து, மாதம் 15,000 ரூபாய் கேட்டுப் போராடினர். கைபேசியில் விவரங்களைப் பதிவேற்றும் வேலைப்பளுவும் அவர்களது குறைகளுள் ஒன்று. ஊழியர் என்ற தகுதியையே மறுத்து, ‘தன்னார்வலர்’ என்று பெயரிட்டு உழைப்பைச் சுரண்டும் அரசுக்கு ‘டிஜிட்டல் புரட்சி’ பேச என்ன அருகதை? சுகாதாரத்துக்கு 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடு என்று 2017இல் அளித்த வாக்குறுதியையும் ஒன்றிய அரசு காற்றில் பறக்கவிட்டது.

வலிப்பு மருந்துகள் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடையின்றி, இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆஷா ஊழியர்களுக்கு ஊதியமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும். நோயாளிகளின் விவரங்கள் நிறுவனங்களின் சரக்காக மாறக் கூடாது. இவற்றை வென்றெடுத்தால் கைபேசியும் மக்களின் கருவியாகும். இவை இல்லையேல், அது இரும்புச் சாவிக்கு வந்த புதிய பெயர், அவ்வளவே.