மூன்றை அடுத்து வருவது நான்கு அல்ல

2025 மார்ச் மாதத்தில் அப்பிள் நிறுவனம் தனது மேக் ஸ்ரூடியோ கணினியைப் புதுப்பித்தது. 1,999 டொலரில் தொடங்கிய கணினிக்குள் எம்4 மேக்ஸ் சில்லு இருந்தது. 3,999 டொலரில் தொடங்கிய கணினிக்குள் இருந்ததோ எம்3 அல்ட்ரா! இருமடங்கு விலை கொடுப்பவருக்கு ஒரு தலைமுறை முந்திய சில்லு. எல்லாத் தலைமுறைகளுக்கும் அல்ட்ரா வராது என்பதே அப்போது கிடைத்த விளக்கம்.

நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் கூறிவிடவேண்டும். இரண்டு மேக்ஸ் சில்லுகளை இணைத்து ஒன்றாக இயங்கச் செய்வதே அல்ட்ரா. எம்3 அல்ட்ராவில் 512 ஜிகாபைட் வரை நினைவகம் உண்டு. எம்4 மேக்ஸில் 128 தான் எல்லை. பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இயக்குவோருக்கு முன்னையதே பயன்படும். ஆனால் ஒரே கருவில் ஓடும் வேலைகளில் மலிவான எம்4 மேக்ஸ் அதனை முந்திவிடுகிறது.

இவ்வளவு பெரிய சில்லை வடிவமைப்பதற்கும் சோதிப்பதற்கும் ஆகும் செலவைச் சில வாடிக்கையாளரிடமிருந்தே மீட்கவேண்டும். கைபேசிகளும் மடிக்கணினிகளும் கோடிக்கணக்கில் விற்கின்றன. ஆகவே கருக்கள் முதலில் அவற்றுக்காகவே உருவாகின்றன. உயர்நிலைக் கணினிக்கு வசதிப்பட்டபோது வந்துசேர்கின்றன. இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

புரியாதது, பணம் கொடுப்பவரிடம் காட்டும் மௌனம். 2013இல் வந்த உருளை வடிவ மேக் புரோ 2019 வரை மாற்றப்படவில்லை. வெப்பத்தைத் தாங்கும் வடிவமைப்பில் தவறிவிட்டோம் என்பதை நிறுவனத்தார் ஒப்புக்கொண்டதே 2017 ஏப்ரலில்தான். 2019 டிசம்பரில் 5,999 டொலரில் புதிய மேக் புரோ விற்பனைக்கு வந்தது. ஆறே மாதங்களில், 2020 ஜூனில், இன்ரெல் சில்லுகளைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். வாங்கியவர் என்ன நினைத்திருப்பார்? 2023இல் எம்2 அல்ட்ராவுடன் அதே கணினி 6,999 டொலருக்கு உயர்ந்தது. எம்3 அல்ட்ரா வந்தபோதோ அது மேக் ஸ்ரூடியோவுக்கே கிடைத்தது. விலை கூடிய மேக் புரோ எம்2 அல்ட்ராவுடனேயே நின்றது.

வணிக இரகசியம் என்பார்கள். சேவையகச் சில்லுகளை விற்கும் இன்ரெலும் ஏஎம்டியும் அடுத்துவரும் தலைமுறைகளின் பெயர்களை முன்கூட்டியே வெளியிடுகின்றன. என்விடியாவும் அவ்வாறே செய்கிறது. சொன்ன காலத்தில் வராமற்போனதும் உண்டு. இன்ரெல் அதற்காக வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. என்றாலும் பெரிய கொள்வனவாளர் திட்டமிட முடிகிறது. தனியொரு படத்தொகுப்பாளர், கடன்பட்டுக் கணினி வாங்குபவர், அடுத்த அல்ட்ரா எந்த எண்ணுடன் வரும் என்பதை வதந்தித் தளங்களில் தேடவேண்டியிருக்கிறது.